பொம்மைக் குழலும் சரப சாஸ்திரியும்

பன்னிரண்டு வயசுல தேர்த் திருவிழாக் கடையில வாங்கினதுதான் என் முதல் புல்லாங்குழல். வாத்தியார் தம்புராவோட சேர்த்து ஊதிப் பார்த்துட்டு, "இது பொம்மைடா"ன்னுட்டார். மானம் போச்சு!

மூங்கில் என்னவோ ஒண்ணுதாங்க. காசு துளை போடற கைக்கு. வீணை மாதிரி முறுக்கிச் சேர்க்க வழியில்லை, துளை தப்பினா தப்பினதுதான். இந்த ஒத்தை மூங்கிலைத் தனிக் கச்சேரி வாத்தியமா உயர்த்தினவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). கண் பார்வை கிடையாது. நாற்பது வயசுகூட வாழலை. அவர் சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ். அப்புறம் 1926ல் திருவிடைமருதூரில் பிறந்த மாலி வந்து, குழலை வாய்ப்பாட்டாவே பாட வெச்சுட்டார். (மாலி பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், விடுங்க.)

புதுசா கத்துக்கறவங்க நடு ஸாவும் மேல் ஸாவும் சுருதியோட நிக்குதான்னு ஊதிப் பார்த்து வாங்குங்க. பளபளப்புல மயங்காதீங்க.

நான் ஆசையா வெச்சிருந்த மூங்கில் குழல் ஒரு கச்சேரிக்கு முந்தின நாள் வெயில்ல வெடிச்சுது. அன்னிலேருந்து பையில ஒரு பி.வி.சி. குழலும் உண்டு. நாதம் கொஞ்சம் மொண்ணை. ஆனா வாத்தியார் இருந்திருந்தா பொம்மைன்னு சொல்லியிருக்க மாட்டார்.