வெண்ணெய்க் கத்தியின் கதை

மொபைல் செயலி எழுதுவோர் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யும் ஒரே மாதிரியான வரிகளுக்கு 'பாய்லர்பிளேட்' என்று பெயர். புதிதாக எதையும் சொல்லாத வரிகள். ஆனால் அவை இல்லாமல் செயலி ஓடாது.

2008-ல் ஆண்ட்ராய்டு வந்ததிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் 'ஃபைண்ட்வியூபைஐடி' என்ற கட்டளையால் தனித்தனியாகத் தேடி எடுக்க வேண்டும். இருபது பொத்தான் என்றால் இருபது வரி!

2013-ல் ஜேக் வார்ட்டன் என்ற நிரலாளர் இதற்கு ஒரு வழி செய்தார். அவர் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியின் பெயர் 'பட்டர் நைஃப்', அதாவது வெண்ணெய்க் கத்தி. அப்போது 'டேகர்' (குத்துவாள்) என்ற லைப்ரரி ஏற்கனவே பிரபலம். அந்த அளவுக்குக் கூர் இல்லாதது இது என்ற கேலிதான் பெயர்க்காரணம். மாறியின் மேல் ஒரு சிறு குறிப்பு போட்டால் போதும், தேடும் வரிகளை அதுவே எழுதிக்கொள்ளும்.

பிறகு கோட்லின் வந்தது. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் 2011-ல் அறிவித்த இந்த மொழியை 2017-ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்டது. அதன் 'ஆண்ட்ராய்டு எக்ஸ்டென்ஷன்ஸ்' இருந்தால் அந்தச் சிறு குறிப்புகூட வேண்டாம், பொத்தானின் பெயரை எழுதினாலே வேலை நடக்கும். ஆனால் இங்கேதான் சிக்கல். இரண்டு திரைகளில் ஒரே பெயரில் பொத்தான் இருந்து, தவறான திரையின் பெயரை இறக்குமதி செய்துவிட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது. பயன்படுத்துபவர் கையில்தான் செயலி படுத்துவிடும்.

2020 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 3.6-உடன் 'வியூ பைண்டிங்' வந்தது. ஒவ்வொரு திரைக்கும் தனி வகுப்பு உருவாவதால் அந்தக் குழப்பம் இல்லை. இனி அதற்கே மாறிவிடுங்கள் என்று பட்டர் நைஃப் பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. பழைய பதிப்புகள் தொடர்ந்து வேலை செய்தன.

எக்ஸ்டென்ஷன்ஸின் முடிவு வேறு மாதிரி. 2020 நவம்பரில் கோட்லின் 1.4.20-ல் ஓய்வு அறிவிக்கப்பட்டது. 1.8-ல் நீக்கியே விட்டார்கள். புதிய கோட்லின் வேண்டும் என்றால் பழைய திரைகளை எல்லாம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அன்று மிச்சமான வரிகள் அத்தனையும் கடனாகத் திரும்பி வந்தன.

இரண்டுமே வரிகளைக் குறைத்தன. ஆனால் ஒன்று தன் வேலை முடிந்ததும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. ஒரு லைப்ரரியைச் சேர்க்கும்போது எத்தனை வரி மிச்சம் என்று பார்க்கிறார்கள். அது போகும்போது எத்தனை வரி திருப்பி எழுத வேண்டும் என்பதும் கணக்கில் சேர வேண்டியதுதானே?