பூண்டுலோயாவின் 480 பேர்

பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், முரசு நோய் பற்றிய பாடத்தில் "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்" என்ற பெயரைச் சந்திக்கிறார்கள். அவர்கள் யாரோ அல்ல. எமது இறம்பொடைக்குப் பக்கத்தில், பூண்டுலோயா டன்சினன், ஹெரோ தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்கள். எமது பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

நோர்வே நாட்டு அறிஞர் ஹரல்ட் லோ 1965இல் ஒரு விடயத்தை நிரூபித்திருந்தார். பல் துலக்குவதை நிறுத்தினால் மூன்று வாரத்துக்குள் முரசு வீங்கும். மறுபடி துலக்கினால் ஆறிவிடும். அடுத்த கேள்வி, துலக்காமலும் வைத்தியம் பார்க்காமலும் வருடக்கணக்கில் விட்டால் என்ன நடக்கும் என்பது. நல்ல பல் வைத்தியம் கிடைத்தவர்களுக்கு உதாரணமாக 1969இல் ஒஸ்லோ நகர ஆண்களை எடுத்தார்கள். வைத்தியமே எட்டாதவர்களைத் தேடி 1970இல் எமது மலைக்கு வந்தார்கள்.

1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே வாய்களைப் பரிசோதித்தார்கள். 1985இல் பார்க்கக் கிடைத்தவர்கள் 161 பேர்தான். ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எத்தனையோ மலையகக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலமும் அதுதான்.

முடிவுகள் 1986இல் வெளிவந்தன. எல்லோருக்கும் பற்களில் அழுக்குப் படலமும் கல்லும் இருந்தன, முரசு வீங்கியிருந்தது. சூத்தைப் பல் மட்டும் மிக அரிது. ஆனாலும் 100க்கு 11 பேருக்கு நோய் முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மெதுவாகப் பரவி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 35 வயதில் 12 பற்கள், 40இல் 20, 45இல் ஒன்றும் மிச்சமில்லை.

"வயது போனால் பல் விழத்தானே செய்யும்" என்று நாங்கள் சொல்லிப் பழகிய பேச்சு இங்கே உடைகிறது. பல்லை விழுத்தியது வயதல்ல, நோய். அந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. துலக்கும்போது இரத்தம் வருவதுதான் முதல் அடையாளம். யார் அந்த 8 பேரில் ஒருவர் என்பது முகத்தில் எழுதியிருக்காது.

ஆரம்பத்தில் வைத்தியம் எளிது. பல்லில் படிந்த கல்லைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்வார்கள். முற்றினால் முரசுக்குக் கீழே வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும், சிலருக்கு முரசைத் திறந்து சத்திரசிகிச்சையும் தேவைப்படும். பல் நன்றாக ஆடிவிட்டால் கழற்றுவதுதான் வழி. அரச வைத்தியசாலையில் இவற்றுக்குப் பணம் கேட்பதில்லை. பல்லைக் கழற்ற மட்டும்தான் அங்கே போவது என்ற பழக்கத்தை நாங்கள் விட வேண்டும். மிஸ்வாக்கைச் சுன்னத்தாகக் கொண்ட எமது வீடுகளிலும் இரவில் துலக்காமல் படுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2010இல் ஆய்வாளர்கள் மீண்டும் வந்தபோது பரிசோதிக்கக் கிடைத்தவர்கள் 75 பேர். உலகம் முழுவதும் பற்களைக் காப்பாற்ற அவர்களுடைய வாய்கள் உதவின. வைத்தியம் எட்டாதவர்கள் என்பதால்தான் அவர்கள் தெரிவாகினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று எமக்கு வைத்தியம் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

அந்த 480 பேரில் உங்கள் அப்பாவோ தாத்தாவோ இருந்திருந்தால், அவர் சொன்ன கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். புத்தகங்களில் அவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.