20 பவுண்டு

வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு சரித்திரம் படிக்க உட்கார்ந்தாலும் கண் தானாகக் கணக்கைத்தான் தேடுகிறது. நைஜீரியாவின் உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்தபோதும் அப்படித்தான். லட்சக்கணக்கான சாவுகளுக்கு நடுவே ஒரு சின்னத் தொகையில் வந்து நின்றுவிட்டேன். 20 பவுண்டு. இக்போ மக்கள் தங்கள் நாட்டு அரசியலைப் பற்றி எழுதும்போது இந்தத் தொகை திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. நைஜீரியாவின் மூன்று பெரிய இனங்களில் இக்போ ஒன்று. வடக்கே ஹவுசா-ஃபுலானி, மேற்கே யொரூபா, தென்கிழக்கே இக்போ. இக்போ ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காலத்தில் ராஜா கிடையாது. ஊர்ச் சபை கூடிப் பேசி முடிவெடுத்தது. ஆங்கிலேயர் காலத்தில் மிஷன் பள்ளிகளில் படித்து, குமாஸ்தா, ரயில்வே ஊழியர், ஆசிரியர், கடைக்காரர் என்று நாடு முழுவதும் பரவினார்கள். வடக்கே கானோ, கடுனா வரை அவர்கள் கடை விரித்திருந்தார்கள்.

சுதந்திரம் கிடைத்தது 1960 அக்டோபர் 1. ஆறு வருடம்கூடத் தாங்கவில்லை. 1966 ஜனவரி 15 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் புரட்சி செய்தார்கள். பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவா, வடக்கின் முதல்வர் அகமது பெல்லோ, மேற்கின் முதல்வர் அகிந்தோலா கொல்லப்பட்டார்கள். சதியில் யொரூபா அதிகாரியும் இருந்தார். ஆனால் முன்னின்றவர்களில் பெரும்பாலோர் இக்போ. அதன் பிறகு ஆட்சியைக் கையில் எடுத்த ஜெனரல் இரோன்சியும் இக்போ. 'இது இக்போ சதி' என்று வடக்கு முடிவு கட்டியது. ஜூலையில் எதிர்ப்புரட்சி, இரோன்சி கொல்லப்பட்டு கோவோன் ஆட்சிக்கு வந்தார். அந்த வருடம் வட நகரங்களில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். சதியைப் பற்றி ஒன்றும் அறியாத தையற்காரரும் ரயில்வே ஊழியரும்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு கிழக்கே ஓடிவந்தார்கள்.

1967 மே 30 அன்று கிழக்கு மாகாணத்தின் ராணுவ ஆளுநர் ஓஜுக்வு 'பயாஃப்ரா' என்ற தனி நாட்டை அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது. மத்திய அரசு கடலையும் எல்லையையும் அடைத்தது. வயிறு உப்பி, கை கால் சூம்பிய குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்தது அப்போதுதான். தேவாலய அமைப்புகள் இரவு நேரத்தில், விளக்கை அணைத்துக்கொண்டு, ஊலி என்ற இடத்தில் இருந்த விமான ஓடுதளத்தில் உணவை இறக்கின. போதவில்லை. இறந்தவர்கள் பத்து லட்சம் முதல் முப்பது லட்சம் வரை என்று பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் பசிச் சாவு.

1970 ஜனவரி 15 அன்று போர் முடிந்தது. 'வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை' என்றார் கோவோன். வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பலரும் பயந்ததுபோல் பழிவாங்கும் படுகொலை நடக்கவில்லை. அரசு வேலையில் இருந்த பலர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அதற்கான பெருமை கோவோனுக்கு உண்டு.

பிறகுதான் பணக் கணக்கு. போரின் நடுவே, 1968 ஜனவரியில், நைஜீரியா தன் பண நோட்டுகளை மாற்றியிருந்தது. பயாஃப்ரா தனி நோட்டு அடித்துக்கொண்டது. போர் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம். எவ்வளவு வைத்திருந்தாலும் சரி, ஆளுக்கு 20 பவுண்டு என்று அரசு தீர்த்துவிட்டது. நூறு பவுண்டு வைத்திருந்தவருக்கும் 20, பத்தாயிரம் வைத்திருந்தவருக்கும் 20.

நிதிப் பொறுப்பில் இருந்தவர் யொரூபா தலைவர் அவோலோவோ. அவர் தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். போரில் கணக்குப் புத்தகங்கள் குலைந்துபோயின, யாருக்கு எவ்வளவு என்று சரிபார்க்க வழியில்லை, ஒன்றுமே கொடுக்காமல் விடுவதைவிட இது மேல் என்பது அவர்கள் வாதம். வங்கிக்காரன் என்ற முறையில் லெட்ஜர் இல்லாத கிளையின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் சரிபார்க்க முடியாவிட்டால் நாங்கள் கால அவகாசம் கொடுப்போம், சாட்சி கேட்போம், ஜாமீன் வாங்குவோம். எல்லோருக்கும் ஒரே தொகை போட்டு ஃபைலை மூடமாட்டோம்.

அடி அதோடு நிற்கவில்லை. போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போ மக்கள் விட்டு ஓடிய வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்று பிறர் கைக்குப் போயின. 1972-ல், வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கவேண்டும் என்று சட்டம் வந்தது. நாட்டின் சொத்து கைமாறிய நேரத்தில், 20 பவுண்டுக்காரர்களிடம் வாங்கக் காசில்லை.

பிறகு எப்படி எழுந்தார்கள்? அவர்களிடம் 'இக்பா போய்' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பையன் ஒரு வியாபாரியிடம் ஐந்து முதல் ஏழு வருடம் கடையிலும் வீட்டிலும் வேலை செய்வான். சாப்பாடும் தங்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. காலம் முடிந்ததும் முதலாளி கைமுதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தரவேண்டும். அந்தப் பையன் நாளைக்கு இன்னும் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொள்வான். ஒனிட்சா சந்தை, அபாவின் செருப்புப் பட்டறைகள், லாகோஸின் அலாபா எலக்ட்ரானிக்ஸ் சந்தை எல்லாம் இப்படி வளர்ந்தவை. வங்கி கொடுக்காத கடனை உறவும் ஊரும் கொடுத்தன. குறையும் உண்டு. எழுத்தில் ஒன்றும் இருக்காது. கடைசி வருடத்தில் திருட்டுப் பட்டம் கட்டி வெறுங்கையோடு துரத்தும் முதலாளிகளைப் பற்றி அவர்களே புலம்புகிறார்கள்.

கடை திரும்பி வந்தது. நாட்டின்மேல் நம்பிக்கை அந்த அளவுக்குத் திரும்பவில்லை. 1979-ல் அலெக்ஸ் எக்வுவேமே துணை ஜனாதிபதி ஆனதோடு சரி. தேர்தலில் வென்று ஆளும் ஜனாதிபதியாக ஓர் இக்போ இதுவரை வரவில்லை. மற்ற மண்டலங்களுக்கு ஆறு, ஏழு மாநிலங்கள் இருக்க, தென்கிழக்குக்கு ஐந்துதான். 2023-ல் பீட்டர் ஓபி மூன்றாம் இடம் வந்தாலும் யொரூபா பூமியான லாகோஸில் முதலிடம் பிடித்தார். இன எல்லையைத் தாண்டி ஓட்டு விழும் என்று அன்று தெரிந்தது. இன்னொரு பக்கம், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள் மறுபடி பயாஃப்ரா கேட்கிறார்கள். 2021-லிருந்து அவர்கள் தொடங்கிவைத்த திங்கட்கிழமை கடையடைப்பால் நஷ்டப்பட்டது இக்போ கடைக்காரர்களேதான். அவர்களுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

டேலி ஆகாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். வருடம் முடிந்தாலும் அது தானாகத் தீராது. யாராவது உட்கார்ந்து பழைய சீட்டுகளைப் புரட்டி, இது யாருக்குச் சேரவேண்டியது என்று எழுதியாகவேண்டும். 20 பவுண்டு 1970-லிருந்து அங்கேதான் கிடக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க இப்போது வழியில்லை. கணக்கில் தவறு நடந்தது என்று எழுதவாவது செய்யலாம்.