எண்ணப்படாத புலிகளின் கணக்கு

இந்தியா முழுவதற்குமான முதல் புலிக் கணக்கெடுப்பு 1972இல் நடைபெற்றது. கிடைத்த எண்ணிக்கை 1827. அடுத்த ஆண்டே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இக்கணக்கெடுப்புக்கு அடிப்படையாக அமைந்தது, ஒடிசாவின் வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி 1966இல் வகுத்த காலடித்தட முறையாகும். வனப் பணியாளர்கள் காட்டுப் பாதைகளில் தடங்களைத் தேடிக் கண்ணாடித் தகட்டின்மேல் வரைந்தெடுத்தனர். பின்னர் அவற்றை ஒப்பிட்டுத் தனித்தனிப் புலிகளாகப் பிரித்தனர்.

இம்முறை இரண்டு எடுகோள்களின்மேல் நின்றது. ஒவ்வொரு புலியின் தடத்தையும் பிழையின்றி வேறுபடுத்திவிடலாம் என்பது ஒன்று. காட்டிலுள்ள எல்லாப் புலிகளின் தடங்களும் கண்ணில் பட்டுவிடும் என்பது மற்றொன்று. இவற்றை 1987இலேயே கேள்விக்கு உட்படுத்தியவர் உல்லாஸ் காரந்த். இயந்திரப் பொறியியல் பயின்று, பின்னர் காட்டுயிரியலுக்கு வந்தவர் அவர். அமெரிக்கச் சூழலியலாளர் ஜேம்ஸ் நிக்கோல்ஸுடன் இணைந்து, தானியங்கிக் கேமராக்களையும் மீள்பிடிப்புப் புள்ளியியலையும் இந்தியக் காடுகளில் கையாண்டார். ஆய்வின் முடிவுகள் 1998இல் 'எக்காலஜி' இதழில் வெளிவந்தன.

முறையின் உட்கருத்து எளியது. புலியின் உடல்வரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவன. ஆகவே ஒளிப்படத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். முதல் சுற்றில் 20 புலிகள் பதிவாகின்றன எனக் கொள்வோம். இரண்டாம் சுற்றில் பதிவான 15 புலிகளுள் 10 முன்பே பதிவானவை. முதலில் கண்ட 20இல் 10 மட்டுமே மீண்டும் அகப்பட்டதால், இரண்டாம் சுற்றில் ஒரு புலி அகப்படுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழப் பாதி. எனவே 15ஐ இரட்டித்தால் மொத்தம் சுமார் 30. கண்ணில் பட்டவை 25, படாதவை 5. அந்த ஐந்தைக் கணக்கிற்குள் கொணர்வதே புள்ளியியலின் பணி.

இதைப் புறக்கணித்ததன் விளைவு சரிஸ்காவில் வெளிப்பட்டது. 2004ஆம் ஆண்டின் அலுவல்முறைக் கணக்கு அங்கு 16 முதல் 18 புலிகள் இருப்பதாகக் கூறியது. அடுத்த ஆண்டு அங்கு ஒரு புலிகூட எஞ்சியிருக்கவில்லை என்பது உறுதியாயிற்று. வேட்டையர் காட்டை வெறுமையாக்கிக்கொண்டிருந்த காலத்திலும் ஏட்டிலிருந்த எண் எச்சரிக்கை எதையும் எழுப்பவில்லை. சுனிதா நாராயண் தலைமையில் அமைந்த புலிப் பணிக்குழுவின் ஆய்வுக்குப்பின், காலடித்தட முறை தேசியக் கணக்கெடுப்பிலிருந்து விலக்கப்பட்டது.

புதிய முறையில் அமைந்த 2006ஆம் ஆண்டு மதிப்பீடு 1411. அதன் வரம்பு 1165 முதல் 1657 வரை. முந்தைய கணக்கோ 3642. இடைப்பட்ட வேறுபாடு முழுவதையும் இழப்பு எனக் கொள்ளவியலாது. பழைய எண்ணுக்குப் பிழைவரம்பே இல்லாமையால், உண்மையில் இழந்தவை எத்தனை என்பதை இனி எவராலும் கணக்கிட முடியாது. முறையற்ற தரவு விட்டுச்செல்லும் நிலையான சேதம் இதுவே.

புதிய முறைகளும் விவாதத்திற்கு அப்பாற்பட்டவையல்ல. சிறு பரப்பில் பெற்ற அடர்த்தியைப் பெருநிலப்பரப்புக்கு விரிக்கும் அளவுத்திருத்த முறையை அர்ஜுன் கோபாலசுவாமியும் சக ஆய்வாளர்களும் 2015இல் வினவினர். மாதிரியின் எடுகோள்கள் வெளிப்படையாக இருந்தமையாலேயே இவ்விவாதம் இயன்றது.

2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின் சராசரி 3682 பரவலாக அறியப்பட்டது. 3167 முதல் 3925 வரையிலான அதன் வரம்போ அத்துணை கவனம் பெறவில்லை. காட்டுயிர் பாதுகாப்பைப் பயிலும் மாணவர் மென்பொருள் கட்டளைகளை விரைவில் கற்றுக்கொள்வர். காணப்படாதவை எத்தனை, அதை எங்ஙனம் அறிந்தோம் என்னும் வினாக்களைக் களத்திற்குச் செல்லுமுன்னரே எழுப்பும் பழக்கத்தையும் அப்பயிற்சி அளிக்க வேண்டும். கேமராக்களை எங்கே, எத்தனை நாள் வைப்பது என்பதை முடிவு செய்வன அவ்வினாக்களே.