தொடை நாடியும் கழியொலியும்

இருதய வைத்தியத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இருதயத்தைப் பற்றியே எழுதினர். அவ்வுறுப்பை அடைதற்குரிய வாயில் எங்கே, எவ்வாறு திறக்கப்பட்டது என்பது அவர்களாற் சிறு விடயமாகவே கொள்ளப்பட்டது. ஆயினும், அடைபட்ட முடியுரு நாடியைச் செவ்வையாகத் திறந்த பின்னரும் நோயாளி இறப்பதுண்டு. தொடையின் மேற்புறத்தே ஊசி துளைத்த இடத்தினின்று வயிற்றின் பின்புறமாக, எவர் கண்ணுக்கும் படாமல், இரத்தம் பெருகுதல் அதற்கொரு காரணமாகும்.

1929 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்ணர் போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர் தமது கை நாளத்தினூடாக நீண்ட குழாயொன்றைத் தாமே செலுத்தி, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று, அதன் நுனி இருதயத்தை அடைந்திருத்தலைப் படம்பிடித்துக் காட்டினார். 1956 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருள் அவரும் ஒருவர். ஆனால், நாளம் வேறு, நாடி வேறு. நாடியில் இரத்தம் மிக்க அமுக்கத்துடன் பாய்கின்றது. பருத்த ஊசியொன்றை நாடியிற் குத்தி, அதன் உள்ளே குழாயைச் செலுத்தும் முறையில், துவாரம் குழாயினும் பெரிதாயிருந்தமையால் இரத்தம் புறத்தே கசிந்தது.

இவ்விடரை 1953 இல் சுவீடன் நாட்டவரான ஸ்வென் ஐவர் செல்டிங்கர் தீர்த்தார். மெல்லிய ஊசியைக் குத்தி, அதனூடாகக் கம்பியொன்றை நுழைத்து, ஊசியை நீக்கி, கம்பியின்மேற் குழாயை ஏற்றினார். குழாயே துவாரத்தை அடைத்துக்கொண்டது. இத்துணை எளிய முறை கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போதாது என அவருடைய மேலோர் எண்ணினராம். பல்கலைக்கழகங்கள் எளிமையை மதியாதது அதுவே முதன்முறையன்று.

அதே 1953 இல், அதே நாட்டின் லுண்ட் நகரில், இங்கே எட்லர் என்னும் வைத்தியரும் கார்ல் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், உலோகத்தின் உட்பழுதுகளைக் காண்பதற்கு அமைந்த கழியொலிக் கருவியைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவுசெய்தனர். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் அரும்பிய இவ்விரு கலைகளும் தொடையினடியில் ஒன்றுசேர்ந்து முறைப்படி பரீட்சிக்கப்படுதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

அவ்விடைக்காலத்திலே தொடை வழி பெருவழியாயிற்று. 1958 இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் தற்செயலாக முடியுரு நாடியைத் தனித்துப் படம்பிடித்தார்; அவர் நாடியது கைவழியே. 1967 இல் மெல்வின் ஜட்கின்ஸ் வளைவு முன்னரே அமைந்த குழாய்களாலே தொடை வழியை எளிதாக்கினார். 1977 செப்டெம்பர் 16 இல் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருன்ற்சிக் விழித்திருந்த நோயாளியின் முடியுரு நாடியைச் சிறு பலூனால் விரித்ததும் தொடை வழியாகவே.

இக்காலமெல்லாம் வைத்தியருக்கு வழிகாட்டியது விரல் நுனியே. நாடித் துடிப்பைத் தொட்டறிந்து ஊசியைச் செலுத்துவர். பின்னர் எக்ஸ் கதிரால் தொடையென்பின் தலையைக் கண்டு இடங்குறித்தனர். எனினும், அக்கதிர் என்பைக் காட்டுமேயன்றி நாடியைக் காட்டாது. பொதுத் தொடை நாடி இரண்டாகப் பிரியும் இடமோ ஆளுக்காள் வேறுபடும். அப்பிரிவுக்குக் கீழே குத்தினாற் பொய்க்குருதிப்பை உண்டாகலாம். மிக மேலே குத்தினால், அழுத்திப் பிடித்தற்கு என்பு இராது. இரத்தம் வயிற்றின் பின்புறத்தே சேரும். கழியொலியோ நாடியையும், அது பிரியும் இடத்தையும், முன்சுவரிற் படிந்த சுண்ணாம்பையும் ஊசி நுழையுமுன்னரே காட்டுகின்றது.

1989 இல் மொன்றியலில் லூசியன் கம்போ மணிக்கட்டு நாடி வழியாக முடியுரு நாடிப் படமெடுத்த செய்தியை வெளியிட்டார். இரத்தப்போக்குக் குறைந்த அவ்வழி பின்னர்ப் பரவியது. ஆனால், நெடுநாள் முற்றாக அடைபட்ட நாடிகளைத் திறத்தல் முதலிய சிக்கலான சிகிச்சைகளுக்குப் பருத்த குழாய் வேண்டப்படுதலால், மெலிந்த மணிக்கட்டு நாடி எப்போதும் இடங்கொடாது. ஆகவே, கடினமான நோயாளிகளே தொடை வழிக்கு எஞ்சினர். அவ்வழியிற் பயிலும் வாய்ப்போ இளம் வைத்தியருக்குக் குறைந்தது.

2010 இல் வெளிவந்த பரீட்சையொன்றில் 1,004 நோயாளிகள் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். முதற் குத்திலேயே நாடியை அடைந்தோர் கழியொலிப் பகுதியில் நூற்றுக்கு 83. எக்ஸ் கதிர்ப் பகுதியில் 46. குழாய் இட்ட இடத்துக் கேடுகளும் 3.4 வீதத்தினின்று 1.4 வீதமாகக் குறைந்தன. ஆயின், 2022 இல் கனடாவில் 621 பேரிடம் நடத்திய பரீட்சையில் இரத்தப்போக்கும் நாடிக் கேடுகளும் ஐயத்துக்கிடமின்றிக் குறைந்தன எனக் காட்ட இயலவில்லை. சிக்கலான முடியுரு நாடிச் சிகிச்சைக்கெனப் பருத்த குழாய் இட்ட 544 பேரின் பரீட்சை 2024 இல் வெளிவந்தது. அதிலும் முதற் குத்தின் வெற்றி கழியொலியால் உயர்ந்தது. இரத்தப்போக்கிலோ உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. துவாரத்தின் இடம் செம்மையாயினும் அதன் அகலம் குறையவில்லையே என்பார் ஒரு சாரார். பரீட்சிக்கப்பட்ட தொகை சிறிது என்பார் மற்றொரு சாரார்.