எழுத்தைப் பிளந்த ஓவியர்

ஓவியம் என்றவுடன் அதில் ஓர் உருவத்தைத் தேடுவது நம் கண்களின் பழக்கம். மரமோ மனிதனோ தென்படாவிடில், ‘இது என்ன கிறுக்கல்?’ என்று கேட்டுவிட்டு அப்பால் நகர்கின்றோம். ஆயினும், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், புறத்தே கண்டதை வரையாது அகத்தே உணர்ந்ததை வண்ணமாகவும் கோடாகவும் வெளியிடுவதே ஓவியம் என்று நியூயார்க் நகரில் ஒரு சாரார் துணிந்தனர். அவர்தம் படைப்புகளுக்கு 1946இல் ராபர்ட் கோட்ஸ் என்னும் திறனாய்வாளர் சூட்டிய பெயரைத் தமிழில் ‘அருவ வெளிப்பாட்டியம்’ எனலாம். அவர்களுள் ஒருவரான ஜாக்சன் பொல்லாக், 1947 முதல் துணியைத் தரையில் விரித்து, அதனைச் சுற்றி நடந்தவாறே வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்தார்.

தன்னை வெளிப்படுத்துவதே கலை எனில், அந்தத் ‘தன்னை’ ஒருவர் எங்கே கண்டெடுப்பது? நியூயார்க் குழுவைச் சேராதவராயினும், இதே வினாவைத் தம் வாழ்வு முழுதும் சுமந்தவர் சூடான் நாட்டு ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலாஹி.

1930இல் உம்துர்மான் நகரில் பிறந்த அவருடைய தந்தையார், திருக்குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஆசிரியர். அப்பள்ளியின் மரப்பலகையிலேயே மகனின் கை எழுத்துப் பழகிற்று. சூடானில் இத்தகைய பள்ளியைக் ‘கல்வா’ என்பர். தனித்திருத்தல் என்பது அச்சொல்லின் மூலப் பொருள். நம்மவர் வழங்கும் ‘கல்வத்து’ம் அதுவே.

1954 முதல் 1957 வரை லண்டன் ஸ்லேட் கலைக் கல்லூரியில் பயின்று தாயகம் மீண்டவர், கார்ட்டூமில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். முதல் நாள் வந்த மக்கள் பின்னர் எட்டியும் பார்க்கவில்லை. ‘இவர்கள் கலை அறியாதவர்கள்’ என்று பழித்து ஒதுங்குவது எளிது. அவரோ பழியைத் தம் தூரிகை மீதே ஏற்றினார். நாடெங்கும் சுற்றி, மக்கள் தம் இல்லங்களில் எதனை அழகென்று போற்றுகின்றனர் எனக் கூர்ந்து நோக்கினார். அங்கே அரபி எழுத்துகளும் பின்னல் கோலங்களும் அவரை எதிர்கொண்டன. தாம் இளமையில் பலகையில் எழுதிய எழுத்துகளல்லவா அவை!

முதலில் ஓவியத்தின் மூலையில், அஞ்சல் தலையளவில் எழுத்துகளைப் பொறித்தார். மக்கள் சற்றே அருகில் வந்தனர். பின்னர் எழுத்துகளைத் துணியெங்கும் பரப்பினார், மேலும் நெருங்கினர். இறுதியில் எழுத்தையே பிளந்து பார்த்தார். அதன் வளைவுகளிலிருந்து மனித, விலங்கு, செடி வடிவங்கள் எழுந்தன. 1961 முதல் 1965 வரை வரைந்த, குழந்தைப் பருவக் கனவுகளின் ஒலிகள் மீண்டும் பிறப்பதாகப் பெயரிட்ட ஓவியம் அக்காலத்தது.

எழுத்தைச் சிதைப்பது தகுமா என்னும் ஐயம், அரபி கற்பிக்கும் நமக்கு எழவே செய்கிறது. சொல்லைத் தாங்குவதற்கன்றோ எழுத்து? ஆனால் எழுத்தழகர்கள் நூற்றாண்டுகளாக அலிஃபை நீட்டியும் நூனை வளைத்தும் வந்தவர்களே. எழுத்துக்குப் புள்ளியால் அளவு வகுத்த இப்னு முக்லாவை நாம் அறிவோம். கை துண்டிக்கப்பட்டு, 940இல் அவர் சிறையிலேயே மாண்டார்.

அஸ்ஸலாஹியையும் சிறை விடவில்லை. 1975இல் பண்பாட்டுத் துறையில் உயர் பதவி வகித்த அவர், ஆட்சிக் கவிழ்ப்பில் தொடர்புடையவரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, விசாரணையின்றி ஆறு மாதமும் எட்டு நாளும் அடைக்கப்பட்டார். எழுதுகோலும் தாளும் வைத்திருப்பதே அங்குக் குற்றம். கிடைத்த சிறு காகிதத் துண்டுகளில் வரைந்து, மணலில் புதைத்து மறைத்தார். துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிதாக்கும் முறை அவருக்கு அங்கே பிறந்தது. நாட்டைவிட்டு வெளியேறிய பின்னர், 1984-85இல் ஒன்பது பலகங்களில் தீட்டிய ‘தவிர்க்க இயலாதது’ அம்முறையில் வளர்ந்ததே. 2013இல் லண்டன் டேட் மாடர்ன் அவர் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்சியாக்கிற்று. அப்பெருமையை அங்குப் பெற்ற முதல் ஆப்பிரிக்க ஓவியர் அவரே.

பள்ளியாகவும் தனிமையாகவும் ‘கல்வா’ அவருக்கு இருமுறை வாய்த்தது. முன்னது அவர் கைக்கு எழுத்தைத் தந்தது. பின்னது அவ்வெழுத்தால் எவ்வளவு தாங்க இயலும் என்பதைச் சோதித்தது. தன்னைத் தேடிய அவர் உள்ளே மட்டும் நோக்கியிருப்பின், அந்த ஓதுபலகையைக் கண்டிருப்பாரா? திரும்பிச் சென்ற மக்களன்றோ அதனை அவருக்குக் காட்டிக் கொடுத்தவர்கள்! இனி உருவமற்றதோர் ஓவியத்தின் முன் நிற்க நேரிட்டால், கிறுக்கல் என்று நகரும் முன், சிறிது நேரம் நிற்போமாக.