பிச்சைப் பாத்திரமும் மண்வெட்டியும்

காலை ஆறு மணிக்கு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்போருக்கு வேலையைத் தவிர வேறு நினைவு இருப்பதில்லை. இரவுப் பணி முடிந்து சிப்காட்டிலிருந்து திரும்புவோரும், முதல் ஷிப்டுக்கு விரைவோரும் அங்கே தோளுரசிச் செல்வர். அத்தகைய ஒரு விடியற்காலையில், பெங்களூர்ப் பேருந்துக்காகத் திபெத்தியத் துறவியர் இருவர் காத்து நின்றனர். மழித்த தலை, கருஞ்சிவப்பு ஆடை, தோளில் ஒரு துணிப்பை. என் அருகில் சீருடையுடன் நின்ற தொழிலாளி ஒருவர், "இவங்க என்ன வேலை சார் செய்வாங்க? சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டார். கேலி அன்று, உண்மையான ஐயம். புத்த சங்கம் தோன்றிய நாள் முதல் அதனைத் தொடர்ந்து வரும் கேள்வியும் அதுவே.

தொடக்கத்தில் அதற்கு விடை எளிதாக இருந்தது. பிக்குவுக்கு உரியவை மூன்று சீவரங்கள், ஒரு பாத்திரம், இடைக்கச்சு, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி ஆகிய எட்டே பொருள்கள். அவர் சமைத்துண்ணலாகாது, நாளைக்கென்று உணவைச் சேர்த்து வைக்கலாகாது, நண்பகலுக்குப் பின் உண்ணலாகாது. காலையில் வீடு வீடாகச் சென்று வாய் பேசாமல் நிற்க வேண்டும். இடுவது எதுவாயினும் ஏற்க வேண்டும். இவற்றோடு ஒரு வியப்பான விதியும் உண்டு: பிக்கு மண்ணைத் தோண்டலாகாது, பிறரைத் தோண்டச் சொல்லவும் ஆகாது. ஆளவி என்னும் ஊரில் பிக்குகள் மண்வெட்டுவதைக் கண்ட மக்கள், ஓரறிவு கொண்ட உயிருக்கு இவர்கள் தீங்கிழைக்கிறார்களே என்று குறைகூற, அதன்மேல் பிறந்த விதி என்று விநய நூல் கூறும். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வழக்கமும், பயிரை மிதிக்கிறார்கள் என்று மக்கள் முறையிட்டதன் விளைவே. துறவிக்குச் சட்டம் இயற்றுவதில் ஊராருக்கும் பங்கு இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. உழவும் அடுப்பும் மறுக்கப்பட்டதால் துறவி நாள்தோறும் மக்களிடம் வந்தே தீர வேண்டியிருந்தது. அவர் ஒழுக்கம் தவறினால் மறுநாள் பாத்திரம் நிறையாது.

இந்தப் பாத்திரம் தமிழருக்கு அயலானதன்று. ஆபுத்திரனின் அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலையை நாம் அறிவோம். பிச்சை ஏற்கும் கலமே அங்கே பசி தீர்க்கும் கலமாகிறது.

பின்னர் வந்தது வேறொரு விடை: ஊரையே எழுதி வைப்பது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல் அதன் வருவாய். லெய்டன் செப்பேடுகள் என வழங்குபவை இதனைக் கூறுகின்றன. இத்தனை நெல் வந்து சேரும் விகாரத்தின் பிக்கு எதற்காக ஏழையின் வாயிலில் நிற்க வேண்டும்? அரசரை நம்பிய சங்கம் ஊராரை மெல்ல மறந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பழைய வளாகத்தில் எஞ்சி நின்ற கோபுரத்தை 1867-இல் அரசின் இசைவு பெற்று இடித்தவர்கள் நம் சேசு சபைத் துறவியரே என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

திபெத்தின் பெருமடங்களும் நில மானியத்தால் வாழ்ந்தவையே. லாசாவுக்கு அருகில் 1419-இல் நிறுவப்பட்ட சேரா மடத்துக்கு உழவர் உழுது கொடுத்தனர். 1959-இல் அவ்வாழ்வு ஒரே ஆண்டில் குலைந்தது. இந்தியாவுக்குத் தப்பி வந்த துறவியருள் ஏறத்தாழ 1,500 பேர் வங்காளத்துப் பக்சாவில், ஆங்கிலேயர் நம் விடுதலை வீரர்களை அடைத்து வைத்திருந்த முகாமில் தங்கினர். குளிர்நாட்டு உடல் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை; காசநோய் பலரைக் கொண்டுபோயிற்று. அங்கும் பாடம் மட்டும் நிற்கவில்லை.

அன்றைய மைசூர் மாநிலம் இடம் தந்தது. மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் 1960-இல் முதல் திபெத்தியக் குடியிருப்பு தொடங்கியது. காவிரிக்கு அப்பால் கொள்ளேகாலத்து மலைப்பகுதியிலும் 1974-இல் ஒன்று அமைந்தது. அது நமக்கு இன்னும் அண்மையது. சேரா மடத்தவர் ஏறத்தாழ 300 பேர் 1970-இல் பைலகுப்பே வந்து சேர்ந்தபோது அங்கிருந்தது காடு. யானைகள் உலவும் காடு. மரத்தை வெட்டி, வேரைப் பறித்து, மண்ணைக் கொத்தி மக்காச்சோளம் விதைத்தவர்கள் அந்தத் துறவியரே. 1963-இல் அங்கே நம்துரோலிங் மடத்தைத் தொடங்கிய பேனோர் ரின்போச்சேயும் ஒரு மூங்கில் குடிலில்தான் தொடங்கினார். கல்லும் மண்ணும் தாமே சுமந்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் பொற்கோயில் என்று காணச் செல்வது அங்கேதான்.

புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை அறிந்த நமக்கு, துறவி உடல் உழைப்பில் ஈடுபடுவது இயல்பாகத் தோன்றும். அவர்களுக்கோ அது விதிமீறல். பகலெல்லாம் மண்வெட்டிய கைகள் மாலையில் தருக்க முற்றத்தில் ஒலி எழுப்பின. வினவுவோர் நின்றபடி உள்ளங்கையை ஓங்கித் தட்டிக் கேட்பார். விடையளிப்போர் தரையில் அமர்ந்து எதிர்கொள்வார். இன்றும் அம்மடங்களில் விடியுமுன் வழிபாடு, வரிசையாய் அமர்ந்தோருக்கு உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர், ரொட்டி, பின் மனப்பாடம், மாலையில் இத்தருக்கம் என்றே நாள் கழிகிறது. அவர்கள் பயிலும் அளவை நூல் மரபின் முதல்வரான திக்நாகர், காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்தியர் வழிவழியாகக் கூறும் செய்தி. பதினைந்து, இருபது ஆண்டுகள் இவ்வாறு பயின்றவரே கெஷே பட்டம் பெறுவர்.

நிறைமதி நாளிலும் புதுமதி நாளிலும் முழுத்துறவு பெற்றோர் கூடித் தம் குற்றங்களை ஒருவர்க்கொருவர் அறிக்கையிடுவர். பின்னர் 253 விதிகளும் ஓதப்படும். மண் தோண்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பைலகுப்பேயின் அந்த முதல் ஆண்டுகளிலும் அதனை எவரும் நீக்கவில்லை. கைகள் காப்புக் காய்ச்சிய நிலையிலேயே அமர்ந்து அதனைக் கேட்டனர். மறுநாள் மீண்டும் வயலுக்குச் சென்றனர்.